பாட்டியின் பிறப்பும் பேராசிரியரின் பதவியும்

(விலங்கியற் பேராசிரியர் கார்ல் வொன் பிரிஷ் அவர்களின் வாழ்வும் பணியும் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவு)



தேனீக்களின் மொழியைக் கண்டறிந்த ஒரு விலங்கியற் பேராசிரியரைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறீர்கள். விலங்கியல் நமது துறையன்று. நமது துறை சட்டம். ஆயினும் இப்பேராசிரியரின் வாழ்க்கை வரலாற்றைக் கற்றபோது, அதன் நடுப்பகுதி நமக்கு ஒரு வழக்குக் கோவையைப் போலவே தோற்றியது. ஓர் அரசாங்கம், அது இயற்றிய ஒரு சட்டம், ஒரு மூதாட்டியின் பிறப்பு, ஒரு பதவிநீக்கக் கட்டளை, நோயால் மடிந்த இலட்சக்கணக்கான தேனீக் குடும்பங்கள் ஆகிய அனைத்தும் அந்த ஒரே கோவைக்குள் அடங்கிக் கிடக்கின்றன. ஆதலால் தேனீயைப் பற்றி நாம் சொல்வதில் பிழை காணும் உரிமை இங்கே அமர்ந்திருக்கும் விஞ்ஞான ஆசிரியர்களுக்கு உண்டு. சட்டத்தைப் பற்றிச் சொல்வதை மட்டும் நம் பொறுப்பில் விட்டுவிடுங்கள்.

கார்ல் வொன் பிரிஷ் 1886 ஆம் ஆண்டு நவம்பர் 20 ஆம் நாள் வியன்னா நகரிலே பிறந்தார். தந்தையார் பெயர்பெற்ற சத்திரசிகிச்சை வைத்தியர். தாயார் மேரி, எக்ஸ்னர் என்னும் அறிவுக் குடும்பத்திலே தோன்றியவர். அவருடைய தந்தை ஒரு தத்துவப் பேராசிரியர். சகோதரர்களுள் ஒருவரான சிக்மண்ட் எக்ஸ்னர் உடற்றொழிலியலில் உலகறிந்த அறிஞர். தாயாரின் தாயார், அதாவது நம் பேராசிரியரின் பாட்டியார், யூத மரபிலே பிறந்தவர். இந்த ஒரு செய்தியை மனத்திலே இருத்திக்கொள்ளுங்கள். பேராசிரியர் பிறந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழியும்வரை இச்செய்தியால் எவருக்கும் நன்மையும் விளையவில்லை, தீமையும் விளையவில்லை.

ஒஸ்திரியாவிலே வொல்ப்காங் ஏரிக்கரையில் புரூண்வின்கில் என்னுமிடத்தில் அக்குடும்பத்தார்க்குப் பழைய ஆலைவீடொன்று இருந்தது. கோடைதோறும் அங்கே சென்று, பூச்சி, புழு, பறவை என்று கண்டதையெல்லாம் சேர்த்து வைத்து ஒரு சிறு காட்சிச்சாலையையே சிறுவன் அமைத்துவிட்டான். தந்தையாரின் விருப்பத்திற்கிணங்க வைத்தியக் கல்வியைத் தொடங்கினாலும், மனம் அதிலே நிலைக்கவில்லை. மியூனிக் நகரத்துச் சர்வகலாசாலையில் றிச்சாட் ஹேர்ட்விக் என்னும் பெரும் விலங்கியலாளரிடம் சென்று சேர்ந்தார். 1910 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

இளைஞரும் பிரமுகரும்

அக்காலத்திலே மியூனிக் கண் வைத்தியசாலையின் தலைவராக விளங்கிய கார்ல் வொன் ஹெஸ் என்பவர், மீன்களுக்கும் தேனீ முதலிய உயிர்களுக்கும் நிறம் தெரியாது, அவை வெளிச்சத்தின் ஏற்றக்குறைவை மட்டுமே காண்கின்றன என்று சாதித்துவந்தார். ஹெஸ் பெரிய மனிதர். அவர் சொல்லை மறுப்பார் அரியர். நம் பேராசிரியரோ அப்போது மீசை முளைத்த இளம் விரிவுரையாளர். பூவுக்கு நிறம் எதற்காக, அதைக் காணும் கண் எங்கேயும் இல்லையென்றால்? எந்தக் கமக்காரனுக்கும் தோன்றக்கூடிய இந்தக் கேள்விதான் அவருக்கும் தோன்றியது.

அவர் செய்த பரிசோதனை சாட்சியச் சட்டம் பயில்வோர்க்கு ஒரு பாடம். ஒரு நீல அட்டையின்மேல் சர்க்கரைப் பாகை வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். பின்னர் அந்த நீல அட்டையை, வெளிறியது முதல் கருமை வரையுள்ள பல சாம்பல் நிற அட்டைகளுக்கு நடுவே வைத்து, பாகை எடுத்துவிட்டார். ஹெஸ் சொன்னதுபோல் தேனீ வெளிச்சத்தை மட்டுமே காணுமாயின், நீலத்திற்கு ஒத்த வெளிச்சமுடைய ஏதோ ஒரு சாம்பல் அட்டையோடு அதைக் குழப்பியே தீரவேண்டும். குழப்பவில்லை. நேரே நீலத்திற்கே வந்து இறங்கியது. சிவப்பை மட்டும் கருஞ்சாம்பலோடு குழப்பிற்று. ஆகவே தேனீக்குச் சிவப்புத் தெரியாது என்ற உண்மையும் கூடவே கிடைத்தது. 1914 இல் இதனை வெளியிட்டார். பெரிய மனிதர் இறுதிவரை ஒப்புக்கொள்ளவில்லை என்பது வேறு விஷயம். எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டால்தான் தீர்ப்பு என்று எந்த நீதிமன்றத்திலும் விதியில்லை.

முதல் உலக யுத்தத்தின்போது, கண்பார்வைக் குறையால் படையிற் சேராது, வியன்னாவிலே வைத்தியசாலைப் பணி புரிந்தார். 1921 இல் றொஸ்ரொக், 1923 இல் பிரெஸ்லோ எனப் பேராசிரியப் பதவிகள் வந்தன. மீனுக்குக் காதுண்டா என்ற பழைய வாதத்தில், சீழ்க்கையொலி கேட்டதும் ஒளிவிடத்திலிருந்து வெளியே வரும் குருட்டுக் கெளிறு ஒன்றைக் காட்டி 1923 இல் ஒரு கட்டுரை எழுதினார். கட்டுரையின் தலைப்பே, சீழ்க்கையடித்தால் வருகின்ற கெளிறு என்பதுதான். பேராசிரியர்கள் இப்படித் தலைப்பிடும் வழக்கம் இன்று அருகிவிட்டது, அதற்காக வருந்துகிறோம்.

1919 ஆம் ஆண்டின் இளவேனிலில்தான் அவர் தம் வாழ்வின் பெரும்பொருளைக் கண்டார். கண்ணாடிச் சுவர் பொருத்திய கூட்டுக்குள்ளே, உணவுகண்டு திரும்பிய தேனீயொன்று அடையின்மீது வட்டமிட்டு ஆடுவதையும், அதைச் சூழ நின்ற தேனீக்கள் கிளர்ச்சியுற்று வெளியே பறப்பதையும் கண்டார். ஐந்து நிறப் புள்ளிகளைக் கொண்டு நூற்றுக்கணக்கான தேனீக்களுக்கு இலக்கமிடும் முறையொன்றையும் வகுத்தார். 1923 இல் தேனீக்களின் மொழி பற்றிய நூல் வெளிவந்தது. வட்ட ஆட்டம் தேனுக்குரியது. வாலை அசைத்து ஆடும் மற்றோர் ஆட்டம் மகரந்தத்திற்குரியது என்று அதிலே எழுதினார். பின்பகுதி தவறு. அதைக் கண்டுபிடிக்க இருபதாண்டுக்கு மேலாயிற்று, கண்டுபிடித்தவரும் அவரேதான்.

1933 ஆம் ஆண்டின் சட்டம்

1925 இல் தம் ஆசிரியர் ஹேர்ட்விக் வகித்த அதே பதவிக்கு மியூனிக் நகரம் அவரை அழைத்தது. அமெரிக்காவின் றொக்பெல்லர் நிதியத்தின் உதவியோடு புதிய விலங்கியற் கழகமொன்றும் எழுந்தது. வெளியே இருந்து பார்ப்பவர்க்கு, ஒரு விஞ்ஞானி விரும்பக்கூடிய யாவும் அவருக்கு வாய்த்துவிட்டன.

ஆனால் அந்தச் சர்வகலாசாலையின் காற்று ஏற்கெனவே கெட்டிருந்தது. அவர் அங்கே வருவதற்கு ஓராண்டு முன்னர், 1924 இல், நோபல் பரிசு பெற்ற இரசாயனப் பேராசிரியர் றிச்சாட் வில்ஸ்ரெற்றர் தம் பதவியைத் துறந்து வெளியேறியிருந்தார். தகுதிமிக்க ஒருவர் யூதர் என்ற காரணத்தால் நியமனம் மறுக்கப்பட்டதைக் கண்டு, தாமும் யூதரான அவர் எடுத்த முடிவு அது. அப்போது ஹிட்லர் ஆட்சியில் இல்லை. இனச்சட்டம் எதுவும் இல்லை. கற்றோர் கூடிய சபையொன்று தன் விருப்பத்தினாலேயே அதைச் செய்தது. பின்னாளிலே சட்டம் வந்து கொடுமையைப் புதிதாகக் கொணர்ந்தது என்று எண்ணுவோர் இந்த 1924 ஐ மறத்தலாகாது.

1933 ஏப்ரல் 7 ஆம் நாள் அந்தச் சட்டம் வந்தது. அதன் பெயரைக் கேளுங்கள்: அரசாங்க சேவையைத் தொழிற்றகைமையோடு மீளநிறுவும் சட்டம். இதைவிட இனிய பெயர் ஒரு சட்டத்திற்கு அமையுமோ? சேவையைச் சீர்செய்யும் நோக்கம் என்றே தலைப்பைப் படிப்பவர் கொள்வர். உள்ளே மூன்றாம் பிரிவிலே, ஆரியரல்லாத உத்தியோகத்தர் ஓய்வு பெறச் செய்யப்படுவர் என்றிருந்தது. ஆரியரல்லாதவர் யாவர்? நான்கு நாட்களின் பின்னர் வந்த ஒழுங்குவிதி அதற்கு விடை சொல்லிற்று. பெற்றோருள் ஒருவர், அல்லது பாட்டன் பாட்டிமார் நால்வருள் ஒருவர், யூத சமயத்தவராயிருந்தாலே போதும். இனிய பெயரைச் சூடிய சட்டத்தின் உட்பிரிவுக்குள்ளே ஒரு மக்கட்கூட்டத்தின் சோற்றுக்கு உலை வைக்கும் வித்தை எந்தெந்த நாடுகளிலே பயிலப்பட்டது என்பதை இச்சபையில் நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

விலக்குகளும் இருந்தன. 1914 ஆகஸ்ட் முதலாம் நாளுக்கு முன்னரே சேவையிலிருந்தவர், போர்முனையிலே நின்றவர், போரிலே தந்தையை அல்லது மகனை இழந்தவர் ஆகியோரை அச்சட்டம் தொடவில்லை. 1935 இல் அவ்விலக்குகளும் போயின. ஒரு கூட்டத்தார்க்கு எதிராக இயற்றப்பட்ட சட்டத்தில் இடப்படும் விலக்கு, முதல் நாளிலே எதிர்ப்பைத் தணிப்பதற்குப் பயன்படுகிறது. எதிர்ப்புத் தணிந்ததும் அதன் வேலை முடிந்துவிடுகிறது.

நம் பேராசிரியரின் தாய்வழிப் பாட்டியாரைப் பற்றிய பத்திரங்கள் தெளிவாகக் கிடைக்காமையால், அவருடைய நிலை சில ஆண்டுகள் ஐயத்திலேயே கிடந்தது. இதற்கிடையே சர்வகலாசாலைக்குள்ளே இருந்த நாஸி ஆதரவாளர்கள் அவர்மீது கண்வைத்தனர். யூதரை உதவியாளராக வைத்திருக்கிறார், பெண்களுக்கு இடங்கொடுக்கிறார், அவருடைய விஞ்ஞானம் யூத விஞ்ஞானம், புதிய யுகத்தின் போக்கை அறியாதவர் என்றெல்லாம் குற்றச்சாட்டுகள் எழுந்தன. தேனீயின் கண்ணைப் பற்றிய ஆராய்ச்சியிலே யூதம் எங்கே இருக்கிறது என்று கேட்பார் எவரும் இல்லை.

இவ்விடத்தில் நம் பேராசிரியருக்கு எதிரான சாட்சியத்தையும் சபைமுன் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம். 1936 இல் பொதுமக்களுக்கென அவர் எழுதிய உயிரியல் நூலின் இறுதிப் பகுதியில், அக்கால ஆட்சியாளர் போற்றிய இனநலக் கொள்கைக்கு இடங்கொடுத்திருந்தார். அச்சத்தால் எழுதினாரா, அக்கால விஞ்ஞானிகள் பலரைப் போல் நம்பியே எழுதினாரா என்று ஆராய்ந்து கொண்டிருக்க நாம் விரும்பவில்லை. எழுதினார் என்பதே பதிவு. அக்கொள்கையின் வாள் தம் கழுத்தை நோக்கியும் திரும்பும் என்பதை அவர் எண்ணியிருப்பாரோ?

வாள் திரும்பியது. 1941 ஜனவரியில், அவர் கால்யூதர், சட்டமொழியிலே இரண்டாந்தரக் கலப்பினர், ஆதலால் ஓய்வு பெறச் செய்யப்படுவார் என்று அமைச்சிலிருந்து கடிதம் வந்தது. அப்போது அவருக்கு வயது 54. முப்பதாண்டு ஆராய்ச்சியும், தாமே எழுப்பிய கழகமும், மாணவர் கூட்டமும் ஒரு தாளிலே முடிந்தன.

தேனீக்கள் செய்த உதவி

இனிக் கமக்கார அன்பர்கள் செவிசாய்க்க வேண்டுகிறோம். தேனீயின் நடுக்குடலிலே பெருகி அதைக் கொல்லும் நொசீமா என்னும் நுண்ணுயிரொன்று உண்டு. கழிவோடு வெளிவந்து கூடு முழுவதும் பரவும். குளிர்காலம் முழுவதும் கூட்டுக்குள் அடைந்து கிடந்த தேனீக்கள் இளவேனிலில் வெளியே வரவேண்டிய வேளையிலே குடும்பம் குடும்பமாக மடியும். யுத்தத்தின் முதல் ஆண்டுகளில் இந்நோய் ஜேர்மனியெங்கும் கொள்ளைநோயாகப் பரவிப் பல இலட்சம் தேனீக் குடும்பங்களை அழித்தது. தேன் போனால் போகட்டும் என்று விடலாம். ஆப்பிள் முதலிய கனிமரங்களும், எண்ணெய் தரும் கடுகினப் பயிர்களும், கால்நடைத் தீவனமான குளோவர்ப் புல்லின் விதையும் தேனீயின்றிப் பெருகா. எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் தட்டுப்பாடு நிலவிய யுத்தகாலம் அது. பூசணிக் கொடியில் பூ நிறையப் பூத்தும் பிஞ்சு பிடியாமற் போனால் வீட்டில் என்ன பேச்சு எழும் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாடு முழுவதும் அப்பேச்சு எழுந்ததென்று கொள்க.

உணவு, விவசாய அமைச்சு விழித்தது. தேனீயை அறிந்தவருள் தலையாயவர் யார் என்று பார்த்தால், கல்வி அமைச்சு வீட்டுக்கு அனுப்பத் தீர்மானித்த அதே மனிதர்! அறிஞர் பலரும் அவருக்காக எழுதினார்கள். தேனீ வளர்ப்போரின் நலத்தை முன்வைத்து மன்றாடினார்கள். முடிவில், நொசீமா ஆராய்ச்சி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பதவிநீக்கக் கட்டளை இரத்துச் செய்யப்படவில்லை. யுத்தம் முடியும்வரை ஒத்திவைக்கப்பட்டது. அதன் பொருள் என்ன? உன் பாட்டியின் குற்றம் குற்றமேதான். ஆயினும் எமக்கு இப்போது உன் கைகள் தேவை, தேவை தீர்ந்ததும் வீட்டுக்குப் போ, என்பதே பொருள்.

ஒரு மனிதன் தன் வேலையை உரிமையாக வைத்திருப்பதும், ஆள்வோனுக்குப் பயன்படுகிறவரையில் சலுகையாக வைத்திருப்பதும் ஒன்றல்ல. தேனீ வல்லுநரைத் தேனீ காத்தது. அதே சட்டத்தால் வெளியேற்றப்பட்ட வரலாற்றாசிரியரையும், கணித ஆசிரியரையும், நீதிபதியையும், அஞ்சற் கந்தோரில் முத்திரை குத்திய எழுதுவினைஞரையும் எந்தப் பூச்சி காத்தது? கெட்டிக்காரர்களை வைத்துக்கொள்வார்கள், ஆதலால் நம் பிள்ளைகள் கெட்டிக்காரராயிருந்தால் போதும் என்று சொல்லும் பெற்றோர் சிலரை நாமும் அறிவோம். இப்பேராசிரியரைவிடக் கெட்டிக்காரப் பிள்ளை கிடைப்பது அரிது. அவருக்கும் கிடைத்தது ஒரு தவணைதான்.

அவர் போர்க்கொடி தூக்கிய வீரர் அல்லர். அதே மியூனிக் சர்வகலாசாலையிலே, உயிரியலும் தத்துவமும் பயின்ற சோபி ஷோல் என்னும் 21 வயது மாணவியும் அவருடைய சகோதரர் ஹான்ஸும் ஆட்சிக்கெதிரான துண்டுப்பிரசுரங்களைக் கட்டடத்துள்ளே பரப்பி, 1943 பெப்ரவரி 18 இல் பிடிபட்டு, நான்காம் நாளே தலை வெட்டப்பட்டு மாண்டனர். அவர்களுக்குத் துணைநின்ற தத்துவப் பேராசிரியர் கூர்ட் ஹூபர் அவ்வாண்டு ஜூலையில் அதே தண்டனையை அடைந்தார். நம் பேராசிரியர் அவ்வழியிற் செல்லவில்லை. நண்பர்கள் வாயிலாகவும், மனுக்கள் வாயிலாகவும், தேனீயின் வாயிலாகவும் தம் இடத்தைக் காத்துக்கொண்டார். அதற்காக அவரைப் பழிக்கும் உரிமை, அத்தகைய ஆட்சியின்கீழ் வாழ்ந்து பாராதவர்க்கு உண்டென்று நாம் எண்ணவில்லை. ஆயினும் இரு வழிகளையும் ஒன்றென்று சொல்லமாட்டோம்.

ஆட்டத்தின் பொருள்

நொசீமாவுக்கு அவர் மருந்து கண்டுபிடித்தாரில்லை. ஆனால் அமைச்சின் பணி விரிந்தது. தேனீக்களை வேண்டிய பயிருக்கு அனுப்பமுடியுமா என்று கேட்டார்கள். செங்குளோவர்ப் பூவின் குழல் நீண்டது. தேனீயின் நாக்குக்கு அதன் தேன் எளிதில் எட்டாது. ஆதலால் தேனீ அதை நாடுவதில்லை. அப்பூவின் மணமேறிய சர்க்கரைப் பாகைக் கூட்டிலே ஊட்டி, அம்மணத்தைத் தேடித் தேனீக்கள் புறப்படும்படி செய்யும் முறையை அவரும் அவருடைய உதவியாளர்களும் வயலிலே பரீட்சித்தார்கள். இம்முயற்சி அவரை, பல ஆண்டுகளாக விட்டிருந்த ஆட்ட ஆராய்ச்சிக்கு மீண்டும் அழைத்துச் சென்றது.

1944 ஜூலையில் மியூனிக் மீது விழுந்த குண்டுகளால் கழகமும் அவருடைய வீடும் அழிவுற்றன. அவர் புரூண்வின்கிலுக்குச் சென்றார். அங்கே, நாடுகள் எரிந்துகொண்டிருந்த அந்தக் கோடையில், கூட்டுக்கு அருகே உணவூட்டிய நாட்களில் புதிய தேனீக்கள் அருகிலேயே தேடுவதையும், தொலைவிலே ஊட்டிய நாட்களில் தொலைவிலே தேடுவதையும் கண்டார். அப்படியானால் ஆட்டம் தூரத்தையும் சொல்கிறது! வட்ட ஆட்டம் அண்மைக்கு, ஏறத்தாழ 50 முதல் 100 மீற்றருக்குள். வாலசைவு ஆட்டம் அதற்கப்பால். தேன், மகரந்தம் என்று 1923 இல் தாம் பிரித்தது பிழையென்று தாமே எழுதி வெளியிட்டார்.

1945 இல் திசையும் வெளிப்பட்டது. வாலசைவு ஆட்டத்தில் தேனீ ஒரு நேர்கோட்டிலே வாலை ஆட்டியபடி ஓடி, ஒரு முறை வலமாகவும் ஒரு முறை இடமாகவும் சுற்றித் தொடங்கிய இடத்திற்கு வருகிறது. இருண்ட கூட்டுக்குள்ளே செங்குத்தாகத் தொங்கும் அடையிலே அந்தக் கோடு நேர்மேலே நோக்கினால், உணவு சூரியன் நிற்கும் திசையில் இருக்கிறது. நேர்கீழே நோக்கினால் சூரியனுக்கு எதிர்த்திசை. மேல்நோக்கிய கோட்டுக்கு இடப்புறம் 60 பாகை சாய்ந்தால், சூரியனுக்கு இடப்புறம் 60 பாகை. சூரியன் நகர நகர, ஒரே இடத்தைக் குறிக்கும் ஆட்டத்தின் சாய்வும் மாறிக்கொண்டே வரும். தூரத்தைச் சொல்வது ஆட்டத்தின் வேகம். உணவு 100 மீற்றரில் இருந்தால் 15 செக்கனில் 9 அல்லது 10 சுற்று. 500 மீற்றரில் 6. ஒரு கிலோமீற்றரில் 4 அல்லது 5. ஆறு கிலோமீற்றரில் 2. சூரியன் மேகத்துள் மறைந்தாலும் நீலவானத்தின் ஒரு துண்டு தெரிந்தால் தேனீக்குப் போதும். அவ்வொளி அதிரும் திசையைக் கொண்டு சூரியன் இருக்குமிடத்தை அது அறிகிறது என்பதையும் யுத்தத்தின் பின் நிறுவினார்.

யுத்தம் முடிந்தது. ஒத்திவைத்த கட்டளையை நிறைவேற்ற அந்த அரசாங்கம் இல்லை. 1946 இல் ஒஸ்திரியாவின் கிறாஸ் நகருக்குச் சென்று கற்பித்த பேராசிரியர், 1950 இல் மியூனிக் திரும்பி 1958 வரை அங்கே பணிபுரிந்தார். சாதாரண மக்களுக்கு விஞ்ஞானத்தை விளக்கியவர்களுக்கென, ஒரிசாவின் பிஜு பட்நாயக் நிறுவிய நிதியைக்கொண்டு யுனெஸ்கோ வழங்கும் கலிங்கப் பரிசு, 1958 இல் அவருக்குக் கிடைத்தது. தேனீக்களின் வாழ்க்கை பற்றி 1927 இல் அவர் எழுதிய சிறு நூல், பண்டிதர்க்கும் தோட்டக்காரர்க்கும் ஒருங்கே விளங்கும் நடையில் அமைந்தது. நம் சர்வகலாசாலைப் பேராசிரியர்கள் தமிழிலே அப்படியொரு நூல் எழுதினால் நாம் முதற்பிரதியை வாங்கக் காத்திருக்கிறோம்.

இலங்கைக்கு வந்த மாணவர்

அவருடைய மாணவருள் மார்ட்டின் லின்டவர் என்பவரை நாம் சிறப்பாக நினைக்கவேண்டும். பவேரிய நாட்டுப்புறத்தில், பிள்ளைகள் நிறைந்த ஏழைக் கமக்காரக் குடும்பத்திலே 1918 இல் பிறந்தவர். ஹிட்லரின் படையிலே வலிந்து சேர்க்கப்பட்டு, உருசியப் போர்முனையில் படுகாயமுற்று மியூனிக்கிலே சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தபோது, வைத்தியர் ஒருவர் சொல்லியதன்பேரில் வொன் பிரிஷின் விரிவுரையொன்றைக் கேட்கச் சென்றார். அதன்பின் அவர் விலங்கியலை விட்டு அகலவில்லை. கால்யூதர் என்று முத்திரை குத்தப்பட்ட ஆசிரியரும், அம்முத்திரையைக் குத்திய அரசின் காயமுற்ற படைவீரரும் ஒரே மண்டபத்தில் உயிரணுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காட்சியை எண்ணிப் பாருங்கள்.

இந்த லின்டவர்தான் 1950களின் நடுப்பகுதியில் நம் இலங்கைக்கு வந்தார். ஐரோப்பாவில் இயல்பாக வாழும் தேனீ ஒரே இனம். இங்கேயோ பொந்திலே பல அடை கட்டும் நம் வீட்டுத் தேனீயும், பாறையிலும் உயர்ந்த மரக்கிளையிலும் பேரடை ஒன்றைத் தொங்கவிடும் மலைத்தேனீயும், புதரின் கொம்பிலே கையளவு அடை கட்டும் கொம்புத்தேனீயும் இருக்கின்றன. இம்மூன்றும் ஆடுகின்றனவா, ஆடினால் ஒரே மொழியா என்பது அவருடைய கேள்வி. மூன்றும் ஆடின. பொந்துத் தேனீ இருளிலே ஆடுகிறது. மலைத்தேனீ திறந்த வெளியில் தொங்கும் அடையின் செங்குத்தான முகத்திலே ஆடுகிறது. கொம்புத்தேனீயோ, அடை கொம்பைச் சூழ்ந்து மேலே தட்டையாக விரிந்திருக்கும் இடத்திலேதான் ஆடுகிறது. அங்கே கோட்டைச் சாய்த்து மொழிபெயர்க்கும் வேலை இல்லை, உணவிருக்கும் திசையை நேரே சுட்டிக் காட்டிவிடுகிறது. அடையைப் புரட்டி வைத்தால், ஆடுந்தேனீ புதிதாக மேலேயமைந்த பகுதிக்கு ஏறிச் சென்று மீண்டும் ஆடும். இருட்டுக்குள் ஆடும் நுட்பமான மொழி எந்தப் படியிலிருந்து ஏறி வந்திருக்கக்கூடும் என்பதற்கு நம் நாட்டுப் புதரிலே கிடைத்த சான்று இது. தூரத்தைச் சொல்வதிலும் இனத்துக்கினம் கிளைமொழி வேறுபாடு உண்டு. ஒரே தூரத்திற்கு ஜேர்மனியத் தேனீயைவிட நம் தேனீக்கள் ஆறுதலாகவே ஆடுகின்றன. லின்டவர் 1956 இல் வெளியிட்ட இம்முடிவுகளைத் தேனீயியல் பயில்வோர் இன்றும் எடுத்தாள்கின்றனர். நம் மாணவர் எத்தனைபேர் இதை அறிவர்?

1967 முதல் அமெரிக்காவிலே ஏட்ரியன் வென்னர் என்பவர், தேனீக்கள் மணத்தை மட்டுமே பின்பற்றுகின்றன, ஆட்டத்தைப் படிப்பதில்லை என்று வாதிட்டார். வாதம் பல ஆண்டு நீண்டது. பின்னர் ஆடுகின்ற இயந்திரத் தேனீயைச் செய்தும், தேனீயின் முதுகிலே நுண்கருவி பொருத்தி றேடாரால் அதன் பறப்பைத் தொடர்ந்தும் பார்த்தார்கள். 2005 இல் வெளியான அந்த றேடார் ஆராய்ச்சியில், ஆட்டத்தைக் கண்ட தேனீக்கள் ஆட்டம் சொன்ன திசையிலே, ஆட்டம் சொன்ன தூரம்வரை பறந்தன. மணமும் இறுதியிலே உதவுகிறது என்பதை வொன் பிரிஷ் ஒருபோதும் மறுத்ததில்லை.

1973 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மூவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. முதல்வர் வொன் பிரிஷ்; அவ்வாண்டில் 87 வயதை எட்டியவர். இரண்டாமவர் கொன்றாட் லொறன்ஸ். 1938 இல் நாஸிக் கட்சியிலே தாமாகச் சேர்ந்தவர். இனத்தூய்மை பேசிக் கட்டுரை எழுதியவர். அதற்காகப் பிற்காலத்திலே வருத்தம் தெரிவித்தவர். மூன்றாமவர் ஒல்லாந்தரான நிக்கோ டின்பேர்கன். ஜேர்மனியர் ஒல்லாந்தைப் பிடித்தபின் லைடன் சர்வகலாசாலையில் யூதப் பேராசிரியர்கள் விலக்கப்பட்டபோது, 1940 நவம்பர் 26 இல் சட்டபீடத் தலைவர் ருடொல்ப் கிளவரிங்கா மாணவர் நிறைந்த மண்டபத்தில் எழுந்து, விலக்கப்பட்ட தம் ஆசிரியர் மைஜர்ஸின் பெருமையை எடுத்துரைத்து அச்செயலைக் கண்டித்தார். மறுநாள் அவர் சிறைக்குச் சென்றார், மாணவர் வேலைநிறுத்தம் செய்தனர், சர்வகலாசாலை மூடப்பட்டது. அச்சர்வகலாசாலையின் பேராசிரியர்கள் தொடர்ந்து காட்டிய எதிர்ப்பிலே பங்குகொண்ட டின்பேர்கன், 1942 முதல் இரண்டாண்டுகள் பணயக் கைதியாக முகாமிலே அடைபட்டிருந்தார். சட்டபீடத்தார் ஒருவர் முன்னே நின்ற இச்செய்தியைச் சொல்லும்போது நமக்குச் சிறிது பெருமிதம் உண்டாவதைச் சபையோர் பொறுத்தருள்க.

யுத்தம் ஓய்ந்தபின் டின்பேர்கன் மீண்டும் லொறன்ஸோடு நட்புப் பூண்டார். வொன் பிரிஷ் தம் இறுதிக்காலம்வரை தேனீயைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார். 1982 ஜூன் 12 ஆம் நாள் மியூனிக் நகரிலே தம் 95 ஆவது வயதிற் காலமானார்.